சுவரில் கீறிய ஏசி

எங்கள் வீட்டுக்கு ஏசி வந்த நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பயப்பட வேண்டாம், முழு ஏசி வரவில்லை. என் மனைவி யசிந்தா கதிரையில் ஏறி நின்று, ஹோல் சுவரில் பென்சிலால் ஒரு பெட்டி கீறினாள். அவ்வளவுதான். அதற்கே என் நெஞ்சு ஒருமுறை நின்று, யோசித்து, பிறகுதான் திரும்ப ஓடத் தொடங்கியது.

"என்னடியப்பா இது?"

"ஏசி வாற இடம்."

"ஆரின்ரை வீட்டுக்கு?"

"பென்சில் எங்கடை. சுவர் எங்கடை. வேறை ஆரின்ரை வீட்டுக்கு?"

அவளில் பிழை சொல்ல முடியாது. குருநகரில் வைகாசி வெயில் என்றால் சும்மா வெயில் இல்லை. எங்களுடையது ஒரு ஹோலும் இரண்டு அறையும் உள்ள சின்ன வீடு. மேலே அஸ்பெஸ்டஸ் சீற்றுக் கூரை. மத்தியானம் ஹோலுக்குள் அப்பளத்தை நீட்டிப் பிடித்தால் எண்ணெய் இல்லாமலே பொரியும்.

ஆனால் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான், கரையில் வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பிலிப்பு அண்ணை தன் வீட்டில் ஏசி பூட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கரையில் எல்லாரும் வலையிலிருந்து மீன் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "கடல்காத்துக் குடிச்சு வளந்த சனம் பெட்டிக்குள்ளாலை வாற காத்துக்கு வாயைப் பிளக்கிறதோ? என்ரை வீட்டிலை ஏசி ஏறினால் நான் மீசையை எடுக்கிறன்!" என்று சொல்லிவிட்டேன். கரையே சிரித்தது. பிலிப்பு அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னைக் கண்டால் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. மீசையைத்தான் பார்க்கிறார்.

"இஞ்சேர், ஏசி இல்லாமலே இந்த வீட்டைக் குளிர வைச்சுக் காட்டுறன்," என்றேன்.

"எப்ப?"

"ஆடியிலை வாற யாகப்பர் கோயில் பெருநாளுக்கு முந்தி."

"ஓம். பாப்பம்."

அவ்வளவு சுருக்காக அவள் ஒன்றுக்கும் ஓம் சொன்னது கிடையாது. கல்யாணத்துக்குக்கூட யோசித்துத்தான் சொன்னாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

முதல் திட்டம் என் மூளையில் உதித்தது. கரையிலிருந்து ஐஸ் கொண்டுவந்து, பெட்டியோடு மேசைக் காத்தாடிக்கு முன்னால் வைத்தேன். சத்தியமாகக் குளிர்ந்தது. கண்ணை மூடி, "எப்பிடி?" என்றேன். கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு பூனை இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. வாசற்படியில் மிச்சப் பேர்.

காலையில் அந்த ஐஸ் பெட்டிக்குள் சூடை மீன் இருந்ததை நான் மறந்துபோனேன். காத்தாடி மறக்கவில்லை. வாசத்தைத் தெருமுனை வரைக்கும் பகிர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு மரியநாயகி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "தம்பி சிமியோன், வீட்டுக்குள்ளை மீன் ஏலம் கூறுறியளோ? எங்கடை பூனையும் அங்கைதான் நிக்குது."

"ஏசிக்குப் பூனை வராதாம்," என்றாள் யசிந்தா, வெங்காயம் உரித்தபடி.

இரண்டாவது திட்டத்தைக் கைபேசியில் பார்த்தேன். கூரைக்கு வெள்ளை அடித்தால் வெயில் வந்த வழியே திரும்பிப் போய்விடுமாம். சுண்ணாம்பைக் கரைத்து, சீற்றில் பலகை போட்டு ஏறினேன். இறங்கியபோது என்னைப் பார்த்து மரியநாயகி அக்கா சிலுவை போட்டுக்கொண்டா. அவ்வளவு வெள்ளை.

"வாளியிலை அரைவாசிச் சுண்ணாம்பு கிடக்குது. வீணாப் போகப்போகுது," என்றாள் யசிந்தா.

"போகட்டுமே."

"சுவரும் வெயிலிலைதானே நிக்குது? பரவாயில்லை, விடுங்கோ. ஏசி வந்தால் சுவர் சுட்டாலும் ஒண்டுமில்லை."

ஏசி என்ற சொல்லைக் கேட்டதும் என் கை தானாக மீசைக்குப் போனது. அடுத்த நிமிடம் சுண்ணாம்பு அடிக்கிற தும்புக்கட்டையைப் பிடித்தது. ஒவ்வொரு பெருநாளுக்கும் வெள்ளை அடிக்கச் சொல்லுவாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்கு இடுப்புப் பிடிக்கும். இந்த முறை உள்ளும் புறமும் அடித்தேன். அந்தப் பென்சில் பெட்டியை மட்டும் அழிக்க விடவில்லை. "அது இருக்கட்டும். நீங்கள் தோத்தால் தேவைப்படும்," என்றாள்.

கூரை பளபளத்தது. சுவர் பளபளத்தது. வெக்கை மட்டும் அசையவில்லை. நான் மீசையைக் கண்ணாடியில் கடைசியாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள் யசிந்தா. "இப்ப கடலிலை சோளகக் காத்து எந்தப் பக்கத்தாலை அடிக்குது?"

"தென்மேற்காலை. சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

"எங்கடை வீட்டிலை தென்மேற்கு எது?"

விரலை நீட்டினேன். விரல் பின்னறையைக் காட்டியது. பின்னறை என்று பேர்தான். நிலத்திலிருந்து முகடுவரை என் பழைய வலைகள். ஒருநாள் உதவும் என்று எட்டு வருடமாகச் சேர்த்தவை. ஒதுக்கச் சொல்லி அவள் வாய் திறந்தால் நான் கடலுக்குப் போய்விடுவேன். அந்தக் குவியலுக்குப் பின்னால் ஒரு யன்னல் இருந்தது திடீரென்று ஞாபகம் வந்தது.

ஆடிப்போய்விட்டேன். முகத்தில் படுகிற காற்றை வைத்தே திசை சொல்லுகிற ஆள் நான். அந்தக் காற்று என் வீட்டுக்கு வந்தபோது, அதற்கே வலை கட்டி மறித்து வைத்திருக்கிறேன்!

ஒரு பகல் முழுக்க வலை சுமந்தேன். பாதி கரையில் வலை வைக்கிற வாடிக்குப் போனது. மீதி தொட்டதும் பொடியாகி என் மூக்குக்குள் போனது. கடைசியில் யன்னலைத் தள்ளித் திறந்தேன். சோளகம் என்னை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. கலண்டர் பறந்தது. யசிந்தா கண்ணை மூடிச் சிரித்தாள். வீடு குளிர்ந்தது!

பெருநாளன்று வீடு நிறைய ஆட்கள். பிலிப்பு அண்ணையை நானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து காற்று விழுகிற இடத்தில் இருத்தினேன்.

"என்னடாப்பா, ஏசியோ?" என்றார்.

"இல்லையண்ணை, சோளகம்!" மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டேன்.

முறுக்கிய கை அந்தரத்தில் நின்றது. எதிர்ச் சுவரில் எங்கள் கல்யாணப் படம் தொங்கியது. பென்சில் பெட்டிக்குள். மேலே, கீழே, இடம், வலம், ஒரு நூல் பிசகில்லை.

"யசிந்தா, இந்தப் படம் எங்கை கிடந்தது?"

"வலைக்குப் பின்னாலை. எட்டு வருசமா."

"அப்ப, கீறின ஏசிப் பெட்டி?"

"படத்தின்ரை அளவு எனக்கு மனப்பாடம்தானே."

கொக்குவிலிலிருந்து வந்திருந்த அவளுடைய தங்கச்சி ஜெசிதா கேக்கைக் கடித்தபடி சொன்னாள்: "நல்லகாலம் அத்தான், நீங்கள் ஏசி பூட்டேல்லை. அக்காவுக்கு ஏசி எண்டாலே தும்மல். எங்கடை வீட்டுக்கு வந்தால் முதல் வேலையா அதை நிப்பாட்டிப்போட்டுத்தான் செருப்பைக் கழட்டுவா."

யசிந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். பிலிப்பு அண்ணை என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், வெள்ளைச் சுவரைப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார். கரைக்குக் கேட்கச் சிரித்தார்.

அடுத்த கிழமை யசிந்தா சாதுவாகக் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, உடுப்புத் தோய்க்க ஒரு மெஷின் எடுப்பமே?"

"மெஷினோ? கை இருக்கிற வீட்டிலை மெஷின் என்னத்துக்கு!" என்று பாய்ந்தேன்.

"அதுவும் சரிதான்," என்றாள். "வாளி கிணத்தடியிலை இருக்குது."

என் மீசை தப்பிவிட்டது. இப்போது அதில் சவர்க்கார நுரை.