தக்காளி நாற்றுக்குச் சுற்றிப்போட்ட கதை

எனக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். கீரனூரில் வாழ்க்கைப்பட்ட முதல் மூன்று வருடமும் நான் சோறு தின்றதைவிடப் பொறாமைப்பட்டதுதான் அதிகம். எல்லாம் என் ஓரகத்தி சிவகாமி அக்காவைப் பார்த்துத்தான். அவர் வைத்த குழம்பு, போட்ட கோலம், எதைப் பார்த்தாலும் மாமியார் "பரவாயில்லையே" என்பார். எனக்கு ஒரு தடவைகூட அது கிடைக்கவில்லை. (எண்ணிக்கொண்டா இருந்தாய் என்று கேட்காதீர்கள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.)

அந்தச் சமயத்தில் கிராம சேவகர் சீமைத் தக்காளி நாற்று கொண்டுவந்து கொடுத்தார். மாமியார் கிணற்றடியில் எங்களுக்கு ஆளுக்கொரு பாத்தி பிரித்துவிட்டார். இதிலாவது அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிட வேண்டுமென்று, உச்சி வெயில் என்றும் பாராமல் முதல் ஆளாக நட்டு முடித்தேன். சிவகாமி அக்கா சாவகாசமாகப் பொழுது சாயும்போது நட்டு, நிழலுக்கு வேப்பங்கொத்து ஒடித்துக் குத்திவைத்தார்.

மறுநாள் காலையில் அவர் நாற்று நிமிர்ந்து நின்றது. என்னுடையது அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது. நட்ட நேரத்தைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை. அக்காவின் கண்தான் பட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். (ராத்திரி பகலாக அவர் பாத்தியில் கண் வைத்திருந்தது நான். அது வேறு விஷயம்.)

ஆள் இல்லாத நேரம் பார்த்து, இரண்டு கை நிறையக் கல்லுப்பும் மிளகாயும் அள்ளிவந்து பாத்தியை மூன்று சுற்று சுற்றினேன். அடுப்பில் போட்டால் நெடி காட்டிக்கொடுத்துவிடும். (கண்ணேறு இருந்தால் நெடி வராது என்பார்கள். வந்து தொலைத்தால்?) தண்ணீரில் கரைத்தாலும் சரிதான் என்று எல்லாவற்றையும் வாளியில் போட்டேன். அதற்குள் அக்கா வரும் சத்தம் கேட்டது. அகப்பட்டுக்கொள்ளாமலிருக்க, செடிக்குத் தண்ணீர் விடுகிறவள்போல அந்த வாளியைப் பாத்தியிலேயே கவிழ்த்தேன்.

"நட்ட நாத்து ரெண்டு நாள் தொங்கத்தான் செய்யும். நெழல் குடுத்தா எந்திரிச்சுக்கும், கவலைப்படாத" என்றார் அக்கா. ஆறுதல் சொன்னதில் வயிறு இன்னும் எரிந்தது.

மூன்றாம் நாள் பாத்தி சுத்தமாகக் கருகிவிட்டது. மாமியார் குனிந்து, மண்ணில் பூத்திருந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏத்தா, நாத்தையே ஊறுகா போட்டுட்டியா?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன், யார் கண் என்று நினைத்தேன் என்பது உட்பட. சிவகாமி அக்கா தன் பாத்தியிலிருந்து நாலு நாற்றை வேர்மண்ணோடு பெயர்த்து, வேறிடத்தில் எனக்கு நட்டுக்கொடுத்தார். அது காய்த்துப் பழுத்ததும் முதல் பழத்தை மாமியாரிடம் கொண்டுபோய் நீட்டினேன். "பரவாயில்லையே" என்றார், அக்காவைப் பார்த்து.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தக் குழந்தைக்குச் சுற்றிப்போட்டாலும், செடி கொடி பக்கம் போய்விடாதே என்று சிரித்துக்கொண்டு என் கையிலிருந்து உப்பைப் பிடுங்கிவிடுகிறார்கள். சிவகாமி அக்காதான் சுற்றிப்போடுகிறார். எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.