மனைவி பேரில் ஒரு நோய்

ஊசி போட்டுக்கொள்ளாமலே உடம்பைத் தேற்றிக்கொள்வது என்று தையல்காரர் முடிவு செய்தார். நாளெல்லாம் ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவர்தான். ஆனால் டாக்டர் வீட்டு ஊசி என்றால் பாதி உயிர் போய்விடும்.

உடம்பு விடுவதாக இல்லை. நாக்கு எரிந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. விரலில் ஊசி குத்தியதே தெரியவில்லை. தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையில் சிவப்புப் புள்ளியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். விரல் போனால் பிழைப்பு? மனைவியிடம் சொல்லலாமா? சொன்னால் அந்த நிமிஷமே ஊசிக்கு இழுத்துக்கொண்டு போவாளே.

யோசித்து யோசித்து, டாக்டரிடம் தனியாகப் போனார்.

"என் சம்சாரத்துக்குங்க. நாக்கு எரியுதாம், விரல் மரத்துப்போகுதாம். செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாம நடக்கிறா. மாத்திரை ஏதாவது எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"ரத்தசோகை மாதிரி தெரியுது. இரும்புச்சத்து குறைஞ்சாதான் வரும்னு இல்லை, வைட்டமின் பி12 குறைஞ்சாலும் வரும். அது நரம்பையும் கெடுக்கும். தள்ளிப்போட்டா மரத்த விரல் மரத்ததுதான். முதல்ல ரத்தம் எடுத்துப் பார்க்கணும். கூட்டிட்டு வாங்க."

"அவளுக்கு ஊசின்னா பயம் டாக்டர்."

மறுநாள் கடையிலிருந்து வந்தால், மனைவி கைப்பையோடு வாசலில் நிற்கிறாள்.

"காய்கறிக் கடையில டாக்டரோட நர்ஸம்மாவைப் பார்த்தேன். எனக்கு ரொம்ப முடியலையாமே?"

அவர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினார். "இல்ல... நீ களைப்பா இருந்த மாதிரி..."

"ஆமாங்க. நாக்குகூட எரியுது. வாங்க, போய்ட்டு வந்துடலாம்."

ரத்தம் அவளுடையது, மாத்திரை நமக்கு. தையல்காரருக்கு நடையில் ஒரு துள்ளல் வந்தது. கூடவே மனசும் உறுத்தியது. இப்படியும் ஒரு புருஷனா? அந்த யோசனையில், பின்னால் வந்த மனைவி குனிந்து எதையோ எடுத்துப் பைக்குள் போட்டதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் அவளைக் கேட்டார். "செருப்பு விழுந்தாக்கூடத் தெரியலையாமே அம்மா?"

"ஆமாங்க. இப்பக்கூட வழியில ஒண்ணு விழுந்துடுச்சு." பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். ஆண் செருப்பு.

தையல்காரர் குனிந்து பார்த்தார். அவருடைய இடது கால் வெறுங்காலாக இருந்தது.

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் ஊசியோடு வந்தாள். மனைவி அவருடைய சட்டைக் கையை மெல்ல மடித்துவிட்டு, மரத்த விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"எனக்குத்தானே ஊசின்னா பயம்? நான் கண்ணை மூடிக்கிறேன். நீங்க கையை நீட்டுங்க."