பாறையைத் தட்டிப் பார்த்த மாப்பிள்ளை

கூச்சக்காரன் வாயைத் திறக்காமல் இருப்பதே ஊருக்கு நல்லது. நான் ஒரே ஒருமுறை சத்தமாகப் பேசினேன். இரண்டு குடும்பங்கள் எழுந்து ஓடின.

அப்போது கோலார் பக்கம் ஊரிகத்தில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு தங்கச் சுரங்கத்தில் இறங்கும் வேலை எனக்கு. பேத்தமங்களாவில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதம். (தூரத்திலிருந்து பார்த்ததால் இருக்கலாம்.) விவசாயியான அவள் அப்பாதான், "குழிக்குள்ள போறவன் திரும்பி வருவான்னு இன்னா நிச்சயம்?" என்று பிடி கொடுக்கவில்லை. கோலார் மலைக்கு இரு வீட்டாரும் சாமி கும்பிடப் போகலாம், அங்கே பையனிடம் பேசிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

வழி முழுக்க நான் பேசியது "ம்" மட்டும்.

மலைமேல் ஓர் அதிசயப் பாறை. வீடு அளவுக் குண்டுக்கல், இரண்டு சின்னக் கற்களின்மேல் உட்கார்ந்திருந்தது. அதன் அடி நிழலில் எல்லாரும் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பானையைத் திறந்தார்கள். நான் சோற்றை விட்டுவிட்டு மேலே கல்லையே பார்த்தேன். சுரங்கத்தில் தலைக்கு மேலிருக்கும் கல்லைக் கடப்பாறையால் தட்டிப் பார்க்காமல் நாங்கள் உட்கார மாட்டோம். கணீரென்றால் கெட்டி. பொத்தென்றால் விழப்போகிறது, ஓட வேண்டும். கை சும்மா இருக்குமா? பானையிலிருந்த கரண்டியை எடுத்து மேலே தட்டினேன்.

பொத்.

"மாமா, ஓடுங்க!" என்று அலறி, பெண்ணின் அப்பாவை இழுத்துக்கொண்டு வெயிலில் போய் விழுந்தேன். (கையைத்தான் பிடித்தேன், வேட்டியும் சேர்ந்து வந்துவிட்டது.) பின்னால் எல்லாரும் ஓடிவந்தார்கள். பானை உருண்டது. பாறை அசையவில்லை.

பெண் மட்டும் நிதானமாகக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் காட்டினாள். "மரக்கரண்டி நைனா இது. இத்தால தட்னா மலை பூரா பொத்துனுதான் கேக்கும்."

எல்லாரும் சிரித்த சிரிப்பில், மலைக் குரங்குகள் வந்து சோற்றை முடித்ததை யாரும் கவனிக்கவில்லை. சம்பந்தம் போச்சு என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டார். "இன்னாப்பா, சொரங்கத்துலயும் இப்டித்தான் பயப்படுவியா?"

"ஆமா மாமா. தெனமும்."

"அப்ப நீ வூட்டுக்கு வந்து சேந்துடுவ. பொண்ணு குடுக்கறேன், போ."

இன்றுவரை வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கிறேன். கூட இறங்கிய சிலர் வரவில்லை. என் பயத்தைக் குறையாகப் பார்க்காத அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு.

அந்த வீட்டில் பலாப்பழம் வாங்கினாலும், "மாப்ளைய கூப்புடு, தட்டிப் பாக்கட்டும்" என்பார்கள். நான் விரலை மடக்குவதற்குள் பிள்ளைகளெல்லாம் தெருவுக்கு ஓடிவிடுவார்கள்.