சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் நடுவே ஒரு செக்போஸ்ட்

எந்த மனிதனுக்கும் ஓர் உறுப்பு கெட்டுப்போகலாம். அதற்கு விதிகளில் இடம் உண்டு. இரண்டாவது உறுப்பு கெட்டுப்போகத்தான் முன் அனுமதி வேண்டும்.

இந்த விதி தெரியாமல் காரைக்காலை அடுத்த விழிதியூர் விவசாயி தெட்சிணாமூர்த்திக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நான்கு வருடமாக அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. அதற்கு அரசு கொடுத்த பச்சை நிவாரண அட்டை சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. இப்போது கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஒரு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறார். இதயத்துக்கு உடனே எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் ஹஃபீஸா சீட்டு எழுதிக் கொடுத்தார். ஸ்கேனுக்கு உறுப்பு நல நிவாரண அலுவலகத்தின் கையெழுத்து வேண்டும்.

கண்காணிப்பாளர் முருகானந்தம் சீட்டை இரண்டு முறை படித்தார்.

"உங்ககிட்ட இருக்கறது சிறுநீரக அட்டை. நீங்க கேக்கறது இதயம். இதயத்துக்குச் சிவப்பு அட்டை. ஒருத்தருக்கு ஒண்ணுதான். சிறுநீரகத்தை ஒப்படைச்சிட்டு வாங்க, பாக்கலாம்."

"அட்டையையா, சிறுநீரகத்தையா சார்?" என்று கேட்டார் தெட்சிணாமூர்த்தியின் மனைவி பங்கஜவல்லி.

முருகானந்தம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "அதுல தெளிவா இல்லை" என்றார்.

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததுங்க. வடிகால் தூர்ந்துபோனா வயல்ல தண்ணி ஏறி நிக்கும்ல? அந்த மாதிரி..."

"வடிகால் வேற துறைம்மா. இங்க பாருங்க, காரைக்கால் எங்க இருக்கு? புதுச்சேரி எங்க இருக்கு? நடுவுல தமிழ்நாடு. அதே மாதிரி சிறுநீரகம் கீழே, இதயம் மேலே. நடுவுல வயிறு. வயிறு நம்ம எல்லைக்குள்ள வராது."

"வயிறு யாருக்குத்தான் சார் கட்டுப்படுது?"

இவ்வளவு சிக்கலான பிரச்சினையை ஒருவர் தீர்க்கக் கூடாது என்பதால் எழுவர் குழு அமைக்கப்பட்டது. முருகானந்தம் தலைவர். டாக்டர் ஹஃபீஸா சாட்சி. தெட்சிணாமூர்த்தி ஓரத்தில் ஒரு நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"சிறுநீரகம் இதயத்துக்கு என்ன கெடுதல் செய்தது?" என்று தொடங்கினார் தலைவர்.

"உப்பையும் தண்ணீரையும் சரியா வெளியேத்தலை. அதனால ரத்த அழுத்தம் ஏறுது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தோட சுவர் தடிச்சுப்போகும். ரத்தசோகையும் சேர்ந்தா இன்னும் கூடுதல் வேலை."

"கூடுதல் வேலைக்கு இதயம் ஆட்சேபம் தெரிவித்ததா?"

"அதோ, மூச்சு வாங்குதே."

"அது வாய்மொழி. எழுத்தில் இல்லை. மேலே சொல்லுங்கள்."

"ரத்தக் குழாய்ல சுண்ணாம்புச் சத்து படிஞ்சு குழாய் விறைச்சுப்போகும்."

"சுண்ணாம்பு அடிக்க டெண்டர் விட்டது யார்?" என்று ஓர் உறுப்பினர் கொதித்தார்.

"இருங்க, இருங்க" என்றார் தலைவர். "ரத்தம் ரெண்டு பக்கமும் போய்வந்துகிட்டா இருக்கு?"

"நாள் முழுக்க."

"தமிழ்நாட்டு எல்லையில வாஞ்சூர் செக்போஸ்ட்ல ஒரு பிராந்தி பாட்டிலை மடியில வச்சுத் தாண்ட முடியலை. இது பாஸ் இல்லாம போய்வருதா!"

குழு திகைத்தது. இரண்டு உறுப்புக்கும் நடுவே செக்போஸ்ட் அமைக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். தடுப்புக் கம்பத்தை எங்கே நடுவது என்று இன்னொருவர் ஐயம் எழுப்பினார். தெட்சிணாமூர்த்தி சட்டையைத் தூக்கி இடத்தைக் காட்ட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. அவரும் தூக்கிக் காட்டினார். இடம் குறுகல் என்று குறிப்பு எழுதப்பட்டது.

ஹஃபீஸா பையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்தார். "தலைவர் சார், கையை நீட்டுங்க."

நூற்றெண்பது.

"உங்க சிறுநீரகத்தை எப்பவாவது சோதிச்சிருக்கீங்களா?"

"எனக்கு வெறும் பிரஷர்தானே டாக்டர்?"

"வெறும் பிரஷர்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் பிரஷரை ஏத்தும். ரெண்டுமா சேர்ந்து இதயத்துல கைவைக்கும்."

மற்ற ஆறு பேரும் கையை நீட்டினார்கள். ஐந்து பேருக்கு அதே கதை.

அடுத்த பத்து நிமிடத்தில் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் பிரிக்க முடியாத தொடர்பு உண்டு என்று குழு கண்டறிந்தது. ஸ்கேனுக்கு அனுமதி கிடைத்தது. அழுத்தம் ஏறிய ஆறு பேருக்கும் எல்லாப் பரிசோதனைகளும் செய்துவிடலாம் என்றார் ஹஃபீஸா.

"முதல்ல அவர் போகட்டும்" என்றார் முருகானந்தம் பெருந்தன்மையாக. "வலிக்குதான்னு பாத்துக்கலாம்."

ஸ்கேன் அறை வாசலில் குழு முழுவதும் காத்து நின்றது. தெட்சிணாமூர்த்தி சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார்.

"வலிச்சுதா?"

"இல்லைங்க. ஏதோ தடவினாங்க, ஜில்லுன்னு இருந்துச்சு. இதயம் தடிச்சிருக்காம். நல்லவேளை இப்பவாவது வந்தீங்கன்னாங்க. நீர் இறங்க மருந்து கொடுத்திருக்காங்க. இனிமே படுத்துத் தூங்கலாமாம்."

குழு நிம்மதியாக மூச்சு விட்டது. முருகானந்தம் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"வேற ஒண்ணும் சொல்லலையே?"

"சொன்னாங்க. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூணையும் இன்னையோட விட்டுடணுமாம்."

முருகானந்தத்தின் கை மூன்றாவது பொத்தானில் நின்றது.

வாசலிலேயே அவசரக் கூட்டம் கூடியது. சுவரில் தாளை வைத்துத் தீர்மானம் எழுதினார்கள்: 'தெட்சிணாமூர்த்தி என்னும் பயனாளியின் உடலில் மட்டும் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் தொடர்பு உள்ளது. கீழே கையொப்பமிட்டோர் உடலில் அத்தகைய தொடர்பு ஏதும் இல்லை.' ஒருமனதாக நிறைவேறியது.

ஸ்கேனுக்காக வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் படித்தார்கள். தங்களுக்கும் கையெழுத்துப் போட இடம் விடச் சொன்னார்கள். தாள் போதாமல் அடியில் இன்னொரு தாள் ஒட்டினார்கள்.

முதல் வரியை அடித்துவிட்டுத் தானும் ஒரு கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று பேனாவுக்குக் கை நீட்டினார் தெட்சிணாமூர்த்தி. பங்கஜவல்லி அந்தக் கையைப் பிடித்து, பேருந்து நிறுத்தம் வரை விடாமல் இழுத்துக்கொண்டு போனார்.