இரண்டு மணி இருபத்து நான்கு நிமிடம்

தலைச்சோலை,
பிப்ரவரி 3.

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய செல்வமேரி அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் சுதாராணி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவுக்குச் சளி, எனக்குச் சுகம், மலைக்குப் பனி. அங்கே உங்களுக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் தேவன் நல்ல சுகம் தந்திருப்பார் என்று நம்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய டைரி புதுவருஷ ஆராதனைக்கு முந்தின நாளே வந்துவிட்டது. நூற்றிருபது பிள்ளைகளை ஐந்தரைக்கு எழுப்பியும் ஒருநாள்கூட ஜெபத்துக்குப் பிந்தாத உங்களை நினைத்து நான் வியக்காத நாள் இல்லை. அதனால் நீங்கள் சொன்னபடியே முதல் பக்கத்தில் இலக்குகளை எழுதினேன்: ஜூனுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி, மார்ச் முப்பத்தொன்றுக்குள் கோபத்தை விடுவது. சம்பளத்தில் தசமபாகம் கொடுப்பதுபோல நேரத்திலும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்தில் ஒன்று, இரண்டு மணி இருபத்து நான்கு நிமிடம். தூக்கத்தைக் கழித்துக்கொள்ளலாமா என்று அப்பாவைக் கேட்டேன். "அத அவகிட்டயே கேளு, என்னை மாட்டி உடாத" என்றார். உங்களிடம் கேட்கத் துணிவில்லாமல் முழுசாகவே கொடுத்தேன். நாலு மணிக்கு எழுந்து படிப்பு, பிறகு சமையல், காப்பிக் களம் என்று காலை போய்விடுவதால், மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி முதல் மூன்று இருபத்து நான்கு வரை ஆண்டவருக்கு என்று டைரியில் நாளுக்கொரு கட்டம் போட்டு, கொடுத்தவர் என்று என் பெயரையும் எழுதி, செல்போனில் அலாரமும் வைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அப்பா வைத்தியத்துக்காகச் சேலம் இறங்கினார். களத்தில் எங்கள் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் களம் என் தோழி சிவசக்தியுடையது. இந்த மகசூல் தேறினால் தோட்டத்தை அவள் பொறுப்பிலேயே விடுவதாகவும், கெட்டால் குத்தகைக்கு விட்டுவிடுவதாகவும் அவள் அப்பா பொன்னுவேல் சொல்லியிருந்தார். அவள் இரண்டு மாதமாகக் களத்திலேயே கிடந்தாள். அன்றைக்கு நான் நாற்காலியில் அமர்ந்து ஜெபத்தைத் தொடங்கினேன். அத்தை, உங்கள் முறையின் மகிமையை என்னவென்று சொல்வேன்! மழை வந்தது எனக்குத் தெரியாது. தகரக் கூரைமேல் அரை மணி நேரம் கொட்டியிருக்கிறது, ஒரு துளிச் சத்தம் கேட்கவில்லை. வாழ்நாளில் இவ்வளவு ஆழ்ந்து நான் ஜெபித்ததே இல்லை. அலாரம் அடித்துக் கண்ணைத் திறந்தால் வாசலில் சிவசக்தி, தலைமுதல் கால்வரை நனைந்து நிற்கிறாள்.

"உங்க ஊட்டுக் காப்பி எல்லாம் தார்ப்பாய்க்குள்ள போயிருச்சு, பயப்படாத புள்ள" என்றாள்.

அவளுடையது? பாதிக்குமேல் நனைந்துவிட்டது. ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டே தன் களத்துக்கு ஓடினாள். மலைச்சாமி சேர்வராயனைக் கும்பிடுகிறவள், என் ஜெபம் கலையக் கூடாதென்று தன் வருஷ உழைப்பை மழையில் விட்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது.

அதற்குப்பின் நாலு நாள் டைரியைத் தொடவில்லை, மன்னியுங்கள். இரண்டு பேரும் நனைந்த பழத்தை மெல்லிசாகப் பரப்பி, மணிக்கொரு தரம் கிளறினோம். படிப்பு போயிற்று, கட்டமெல்லாம் போயிற்று. சனிக்கிழமை பொன்னுவேல் வந்து ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்த்தார். உள்ளே பருப்பு கலகலத்தது. "ஒரு மூட்டை கருத்துப்போச்சு. மிச்சம் தேறும். வர்ற வருசமும் நீயே பாரு சாமி" என்றார் மகளிடம். சிவசக்தி களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வரும் ஞாயிறு சபையில் இதைச் சாட்சியாகச் சொல்லப் போகிறேன். உங்கள் முறையையும் அவள் பக்தியையும் சேர்த்தே சொல்வேன். உங்கள் வேலைகளையும் விடுதிப் பிள்ளைகளையும் ஆண்டவர் காத்து நடத்துவாராக. ஜெபத்தில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள மருமகள்,
சுதாராணி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் சிவசக்தி வந்தாள். என் ஜெபத்தை மதித்ததற்கு நன்றி சொன்னேன். "ஜெபமா? வாயத் தொறந்துக்கிட்டு நொம்ப அசந்து தூங்கிட்டிருந்த. விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுப் படிக்கற, பாவம்னு எழுப்பல" என்றாள். ஆகவே சாட்சி இல்லை. செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதியிருக்கிறேன். உங்கள் முறையில் இதற்கு இடமுண்டா என்று எழுதுங்கள்.