அஞ்சப்பத்தார் வீட்டு விருந்து

மன்னார்த் தீவிலேயே கடவுளுக்கு ஓய்வு கொடுக்காத ஒரே மனிதர் என் தாய்மாமன்தான். கூட்டுறவுச் சங்கக்கடையில் ஊருக்கெல்லாம் அரிசி நிறுத்துக் கொடுத்து ஓய்வுபெற்றவர். ஆனால் தன் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பென்சன் வந்த கையோடு யாருடைய கஷ்டத்துக்காவது போய்விடும். நான் வாங்கிவரும் சாமானும் அதே வழியில் போகும். பிறகு ஆண்டவர்தான் பார்க்க வேண்டும். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கூட்டத்துக்கே போதுமாயிருந்த வசனத்தை எல்லா ஜெபக்கூட்டத்திலும் அவரே எழும்பி வாசித்ததால், ஊர் அவருக்கு அஞ்சப்பத்தார் என்று பெயர் வைத்தது. தாய் தகப்பன் இல்லாத நான் அவரோடு இருந்தேன். என் வாழ்நாள் வெட்கத்தில் முக்கால் பங்கை அந்த வீட்டில்தான் பட்டேன்.

விடியற்காலையில் பைபிள் வாசிப்பார். அதில் யார் யார் எங்கே என்ன சாப்பிட்டார்கள் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வாசித்து முடிந்ததும் முற்றத்தில் முழங்காலில் நின்று, கடலில் நிற்பவனுக்கும் கேட்கும் குரலில் மன்றாடுவார்.

"ஆண்டவரே, தேங்காய் முடிஞ்சுது. போனமுறை தந்தது அழுகல். குறை சொல்லேல்லை, உமக்கு அறியத்தாறன்."

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு றீற்றா அன்ரி தகர வேலிக்கு மேலால் ஒரு தேங்காயை நீட்டுவார். நான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பேன்.

"மாமா, நீங்கள் ஆண்டவரைக் கேக்கிறியளோ, றீற்றா அன்ரியைக் கேக்கிறியளோ?"

"ஆண்டவரைத்தான். றீற்றாவுக்குக் காது நல்லாக் கேக்குதெண்டா, அதுவும் அவர் குடுத்ததுதானே!"

காகத்தைத் துரத்த விடமாட்டார். எலியா இறைவாக்கினருக்குச் சாப்பாடு கொண்டுவந்தது காகம் என்பது அவருடைய நியாயம். எங்கள் தெருவில் கருவாடு காயப்போடுகிறவர்கள் என்னைப் பிடித்துத் திட்டுவார்கள். ஒருநாள் ஒரு காகம் உண்மையாகவே எங்கள் முற்றத்தில் ஒரு துண்டுக் கருவாட்டைப் போட்டது. மாமா கண்ணீர் மல்க அதை இரு கையாலும் ஏந்தி நன்றி சொல்லிக்கொண்டிருக்க, வேலிக்கு மேலால் றீற்றா அன்ரியின் தலை தெரிந்தது.

"அஞ்சப்பத்தார், அது என்ரை கட்டாக் கருவாடு!"

இதெல்லாம் போகட்டும். நான் சொல்லவந்தது என் கலியாணக் கதை. என்னோடு பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஜெனிற்றாவை எனக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் என்னை. தகப்பன் ஓம் என்றால் முடிந்தது. அந்த மனிதர் வங்காலையில் மூன்று படகு வைத்திருப்பவர், சிரிப்பதே அருமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு சம்பந்தம் பேச வருவதாகச் சொல்லிவிட்டார்.

டவுனில் புரியாணிக்குச் சொல்கிறேன் என்றேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஆண்டவரிட்டைச் சொல்லிப்போட்டன். அவர் சமைக்கேக்கை நீ கடைச்சாப்பாடு எடுத்தா, அவருக்கு என்ன மரியாதை?"

அந்தக் கிழமை முழுக்க எங்கள் முற்றத்தில் ஒரே மன்றாட்டு. "ஆண்டவரே, ஞாயிற்றுக்கிழமை வங்காலையார் வருகினம். பொடியன்ரை மானம் உம்மடை கையிலை."

ஞாயிறு காலை மழை. அடுப்பு எரியவில்லை. மாமா மேசையில் வெறும் தட்டுகளைத் துடைத்து அடுக்கினார். வந்தவர்கள் கதிரைகளில் அமர்ந்தார்கள். சமையல் வாசனையே இல்லாத வீட்டை ஜெனிற்றாவின் தகப்பன் மூக்கை நிமிர்த்திப் பார்த்தார். ஜெனிற்றா என்னைப் பார்க்கவில்லை. நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது.

மாமா பைபிளைத் திறந்து ஐந்து அப்பத்தை வாசிக்கத் தொடங்க, வாசல் படலை திறந்தது. றீற்றா அன்ரி நனைந்தபடி பாரைக் குழம்போடு வந்தார். அவருக்குப் பின்னால் கணவாய்க் கறி. அதற்குப் பின்னால் சுறா வறை, பொரித்த விளைமீன், நண்டுக் குழம்பு. தெருவே சட்டியோடு வந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஜெனிற்றாவின் தாய் மெதுவாகக் கேட்டார்.

"சோறு?"

சட்டியோடு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவரிடமும் சோறு இல்லை. கடற்கரைச் சனம், ஆளுக்காள் தன் வீட்டில் இருந்த நல்ல மீனைச் சமைத்துவிட்டு, சோற்றை மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

மாமா கொஞ்சமும் கலங்கவில்லை. "மீன் வந்திட்டுது. அப்பம் இன்னும் வரேல்லை. கதை பாதியிலை நிக்குது, பொறுங்கோ," என்று கண்ணை மூடினார். தகப்பன் கதிரையை விட்டு எழும்பினார். என் கலியாணமும் அவரோடு எழும்பி வாசலுக்குப் போனது.

அப்போதுதான் தெருமுனையில் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவந்து விற்கும் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. நான் மழைக்குள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். பக்கத்து ஊரான தாராபுரத்துப் பாண்காரர் பயந்துபோய்ப் பிரேக் போட்டார்.

"எத்தினை பாண் இருக்கு?"

"மழைக்கு ஒத்தரும் வெளிய வரல்ல தம்பி. போட்டது அப்பிடியே கிடக்கு."

அவரையும் உள்ளே இழுத்து வந்து உட்காரவைத்தோம். எல்லோரும் பாணைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். இரண்டாம் முறை பாரைக் குழம்பு கேட்டவர் ஜெனிற்றாவின் தகப்பன். போகும்போது என் தோளில் கை வைத்தார்.

"அடுப்பு எரியாத வீட்டுக்கு ஒரு தெருவே சட்டியோட வருதெண்டா, என்ரை பிள்ளை இஞ்ச பட்டினி கிடவாள்."

மாமா போன வருடம் போய்விட்டார். இந்த மாதம் அவருடைய ஆண்டுத் திருப்பலி. அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அதுதான் மாமாவுக்கு மரியாதை என்று ஜெனிற்றா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். பூசை முடிந்து பங்குச் சுவாமியார் வந்து வெறும் தட்டின் முன்னால் அமர்ந்தபோது, பழைய வெட்கம் கழுத்துவரை ஏறியது. படலை திறந்தது. தெருவே பானையோடு வந்தது. ஜெனிற்றா ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். எல்லாம் சோறு. அன்றைய குறையை இன்று தீர்க்க ஆளுக்காள் நினைத்திருக்கிறார்கள். மருந்துக்கும் ஒரு மீன் இல்லை.

றீற்றா அன்ரி தலையில் கை வைத்துக்கொண்டார். சுவாமியார் என்னைப் பார்த்தார். நான் முற்றத்துக்குப் போய், மாமா வழக்கமாக நிற்கும் இடத்தில் முழங்காலில் நின்று, தெருவெல்லாம் கேட்க உரத்துச் சொன்னேன்.

"ஆண்டவரே, சோறு வந்திட்டுது. மீனை மாமாவிட்டைக் குடுத்து அனுப்பும்."