இரண்டு குத்தாலிங்கங்களை நான் ஒன்றாக்கிய கதை

"புதுசா மாத்தியிருக்கோம், இனிமே உங்களுக்கு ரொம்ப சுலபம்" என்று யார் சொன்னாலும் நான் அந்த இடத்தைவிட்டு நழுவிவிடுவேன். சுலபமாக்குகிறேன் என்று ஒருத்தன் கிளம்பியதில் என் அக்கா மகள் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. பழியில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு. (முக்கால்வாசி எனக்குத்தான் என்பார் என் வீட்டுக்காரர்.)

எங்கள் குடும்பத்து வம்சாவளியை எட்டு வருஷமாக ஓர் இணையதளத்தில் ஏற்றி வந்தேன். தென்காசியில் எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் என் கையில் நோட்டு இருக்கும். பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் கை நீட்டினால் நான் அவருடைய தாத்தா பேரைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பழைய தளம் தங்கம். மொத்தக் குடும்பமும் ஒரே பக்கத்தில் தெரியும், ஒரே பட்டனில் அச்சுக்குப் போகும்.

அக்கா மகள் மீனாவுக்கு இரண்டு வருஷம் வரன் பார்த்து, வந்ததெல்லாம் தட்டிப்போய், கடைசியில் செங்கோட்டை மாப்பிள்ளை அமைந்தார். எந்தப் போட்டோவைக் காட்டினாலும் "வேண்டாம் சித்தி" என்றவள், இந்தப் பையனுடைய போட்டோவை மட்டும் திருப்பித் தரவே இல்லை. வீடே மூச்சுவிட்டது. அந்த சந்தோஷத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு குடும்பத்து வம்சாவளியையும் பத்தடி ஃப்ளெக்ஸில் போடுகிறேன் என்று அறிவித்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களை ஏற்றலாம் என்று உட்கார்ந்தால், தளத்தின் முகமே மாறிக் கிடந்தது. மொத்தப் பக்கத்தைக் காணோம். வட்டம் வட்டமாக ஒவ்வொரு ஆளாக வருகிறான். அச்சடிக்கும் பட்டனை எங்கே கொண்டுபோய் ஒளித்தான் என்று தெரியவில்லை. போதாததற்கு என் பெயருக்கும் என் வீட்டுக்காரர் பெயருக்கும் நடுவில் மஞ்சள் முக்கோணம்: "இவர்கள் இரத்த உறவினர், சரிபார்க்கவும்." நான் கட்டியது என் சொந்தத் தாய்மாமன் மகனை. அதைப் போய்ச் சரிபார்க்கச் சொல்கிறான்!

அந்த மாமன் மகன், என் அத்தான், எட்டிப் பார்த்தார். "இருவத்தாறு வருசம் கழிச்சா சொல்லுதான்? அப்பவே சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேனே."

புகார் எழுதிப் போட்டேன். "புதிய வடிவம் உங்களுக்குப் பழகிவிடும்" என்று பதில் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மௌஸைத் தூக்கிக் குற்றாலம் அருவியில் எறிந்திருப்பேன்.

ஒருவழியாக மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களை ஏற்றி, அச்சுப் பட்டனைக் கண்டுபிடித்து அமுக்கினால், குறுக்கே ஒரு கேள்வி வந்து நின்றது. "இவர்கள் இருவரும் ஒருவரா?" கீழே பச்சையில் "ஒன்றாக்கு" என்று பெரிய பட்டன். "பிறகு பார்க்கலாம்" என்பது எறும்பு அளவில். கேள்வியைப் படிக்கப் பொறுமை யாருக்கு இருந்தது? பச்சையை அமுக்கினேன். வழி விட்டது. வந்த கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

ஆனி மாதம், குற்றாலத்தில் மண்டபம், வெளியே சாரல். மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையும் நல்ல பசியுமாக வந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் ஜம்மென்று நின்றது. தாம்பூலத் தட்டை மாற்றக் கை நீட்டுகிற நேரம், மாப்பிள்ளையின் அத்தை ஃப்ளெக்ஸில் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக இறங்கி வந்தார். விரல் நின்றது.

"ஏட்டி, இங்கன வா. இதாரு?"

"உங்க அப்பா, அத்தை. குத்தாலிங்கம் தாத்தா" என்றேன்.

"அவருக்குப் பக்கத்துல ரெண்டு பொம்பள பேரு போட்டிருக்கியே, எதுக்கு?"

அப்போதுதான் நானே பார்த்தேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு குத்தாலிங்கம் உண்டு. மண்டபத்தில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏழெட்டுப் பேர் திரும்புவார்கள். மீனாவின் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் குத்தாலிங்கம், மாப்பிள்ளையின் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் குத்தாலிங்கம், இருவருக்கும் ஊர் இலத்தூர். அந்த இருவரைத்தான் நான் ஒன்றாக்கியிருந்தேன்! ஒரே குத்தாலிங்கம், இரண்டு மனைவிகள். சம்பந்திகள் இரண்டு பேரும் அண்ணன் தம்பிகள்.

"அப்போ பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சில்லா?" என்றார் முன்வரிசையில் ஒரு பெரியவர்.

நீட்டிய தட்டு கீழே இறங்கியது. மாப்பிள்ளையின் அப்பாவும் மீனாவின் அப்பாவும் ஒருவர் மூக்கை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள். மீனா என்னைப் பார்த்து, "சித்தி…" என்றாள். கண் நிறைந்துவிட்டது. இந்தப் பிள்ளை வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனே என்று என் உயிர் என்னிடம் இல்லை.

"அந்தத் தளத்தை மாத்திட்டான், பச்சைப் பட்டன்…" என்று உளறினேன். யார் காதிலும் ஏறவில்லை.

அத்தைதான் திரும்பினார். "ஒங்களுக்கு எந்த சாஸ்தா? பங்குனி உத்திரத்துக்கு எங்கன போவிய?"

"மலையடிவாரத்து சாஸ்தா" என்றார் மீனாவின் அப்பா.

"எங்களுக்குக் கொளத்தங்கரை சாஸ்தா. சாஸ்தா வேறன்னா பங்காளி எங்கன வந்தான்?"

எங்கள் பக்கம் ஒரு தாத்தா வழி வந்த பங்காளிகளுக்கெல்லாம் குலசாமியாக ஒரே சாஸ்தாதான். பெண் பார்க்க வந்த அன்றே கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்தான் இது. ஆனால் பத்தடியில் கலரில் அச்சாகி நின்றால், அவரவர் தாத்தா மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.

அத்தை விடவில்லை. "எங்கப்பா ஒத்தப் பொண்டாட்டிகிட்ட பேசவே பயந்து சாவாரு. அவருக்கு ரெண்டாவது குடும்பமாம்லா! எடுங்க தட்ட, பசிக்கி."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு மண்டபமே சிரித்தது. தட்டு மாறியதும் நான் பின்பக்கம் ஓடி, சாரலில் நின்று நன்றாக அழுதேன். அப்பாடா, அப்பாடா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே அத்தான் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்றாக்கியவர்களைப் பிரிக்கும் பட்டன் எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் தடபுடலாக நடந்து வருஷம் மூன்று ஆகிறது. போன வாரம் செங்கோட்டைக்குப் போயிருந்தேன். புருஷனோடு ஏதோ கோபம் போல, மீனா அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். "அண்ணாச்சி, சாப்பிட வாரியளா, இல்லையா?"

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏட்டி, கட்டுன புருசன அண்ணாச்சின்னா கூப்பிடுத?"

"நானா சொல்லுதேன்? எங்க சித்தி பத்தடிக்கு அச்சடிச்சுல்லா சொன்னா!"